ஏ எழுத்துக்கு ஒரு தோல் தொப்பி

வாங்க வாங்க, இந்த ரூம்புதான். மெக்கானிக்குத்தான? மதுரைலருந்து? தலைய மட்டும் ஆட்டுறீக, வாயத் தெறந்து சொன்னாத்தான் என்னவாம். சரி, உக்காருங்க. மொதலாளி ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காக, வர செத்த நேரம் ஆகும். ஜன்னல நல்லாத் தெறந்து விடவா? தோல் மண்டி பாருங்க, புதுசா வாரவுகளுக்கு இந்த வாட கொமட்டிக்கிட்டு வரும். மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் படியே ஏறுவாக. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல போல. பரவால்லையே.

ஆமா, இந்த டைப் மெஷினுதான். இந்தாபாருங்க, மூடி சுளுவா வந்துருச்சே! இடது பக்கம் ஒரு குத்து குத்தித் தூக்குனாத்தான் வரும் அது. எனக்கே அது பிடிபட ஒரு மாசம் ஆச்சு. எல்லா மெஷினு மூடியும் அப்படித்தானா? சரி சரி, நீங்க தொழில் பாக்குறவுக, ஒங்களுக்குத் தெரியாததா.

மொதல்ல தண்ணியக் குடிங்க. வெயில்ல வந்துருக்கீக. அந்த இடது கையில சுத்தி வச்சிருக்க துணிய மேச மேல போட்டுட்டு வாங்கிக்கிடுங்க, சொம்பு ஈரமா இருக்கு, வழுக்கும். வேணாமா? சரி, ஒத்தக் கையாலயே குடிங்க. கடமையில கண்ணா இருக்கீக.

இப்பக் கேட்டுக்கிடுங்க. எண்ணெ போடுங்க, தூசி தட்டுங்க, ரிப்பன் மாத்தணும்னா மாத்துங்க. ஆனா இதுல நாங்க வச்சிருக்க வகதொகையில மட்டும் கைய வைக்கக் கூடாது. புதுசுல இருந்த மாதிரி ஆக்கிர்றேன்னு ஆரம்பிச்சீகன்னா நான் அந்தத் திருப்புளியப் புடுங்கி வச்சுக்கிருவேன். மெஷினப் புதுசாக்குனா ஒரு ஆளுக்கு இங்க வேலை இல்லாமப் போயிரும். வெளையாட்டுக்குச் சொல்லல, நெசமாத்தான் சொல்றேன்.

நாங்கன்னா யாரா? நான் பகல்ல அடிக்கிறவ. சகாயராணி, மேட்டுப்பட்டி. காலைல வந்து மூணு மணிக்குக் கெளம்பிருவேன், பொழுது சாயுறதுக்குள்ள வீட்ல இருக்கணும்னு எங்கம்மா கட்டள. நாலு மணிக்கு மேல இன்னொருத்தரு வருவாரு. மெட்ராஸ் கம்பெனிக்காரவுகளுக்கு அவசரமாப் போற லெட்டரெல்லாம் அவருதான், அடிச்ச கையோட ரயிலுத் தபால்ல சேத்துட்டுப் போவாரு. ராயப்பராஜ்னு பேரு. பேருதான் தெரியும். ஒரே நாற்காலி, ஒரே மெஷினு, ஆளு மூஞ்சிய நானும் பாத்ததில்ல, என் மூஞ்சிய அவரும் பாத்ததில்ல. நான் போன பெறகுதான் அவரு வருவாரு, அவரு போய் விடிஞ்ச பெறகுதான் நான் வருவேன்.

ஆளப் பாக்கலன்னாலும் சண்டை மட்டும் நல்லாப் போட்டோம். ஒங்களுக்குத் தெரியாததில்ல, டைப் மெஷின்ல அவுகவுகளுக்கு ஒரு தோது இருக்கும்ல? எனக்கு மார்ஜின் பத்துல நிக்கணும். அவருக்குப் பதினஞ்சு. எனக்குக் கீ பஞ்சு மாதிரி அமுங்கணும், அவரு அந்தத் திருகாணிய முறுக்கி முறுக்கி அம்மிக்கல்லு மாதிரி ஆக்கி வச்சிருப்பாரு. இந்த டேபுலேட்டர் இருக்குல்ல, நான் ஒரு தட்டுத் தட்டுனா, தாளு மாட்டியிருக்க கேரேஜ் வண்டி நேரா ஓடிப்போயி தேதி போடுற எடத்துல நிக்கும். இன்னொரு தட்டு, கையெழுத்துப் போடுற எடம். ரெண்டே தட்டு. நானே ஒக்காந்து ரோசிச்சு வச்சது. மறுநாக் காலைல வந்து தட்டுனா, வண்டி பாட்டுக்கு எங்கயோ நடுக்காட்டுல போயி நிக்கும். அவரு தோதுக்கு மாத்தி வச்சிருப்பாரு. நான் திரும்ப மாத்துவேன். சாயங்காலம் அவரு திரும்ப மாத்துவாரு. காலைல வந்தவுடனே எனக்கு மொத வேலையே அவரை வையிறதுதான். வாய்விட்டுத்தான் வைவேன், ஆளுதான் இல்லையே.

எங்க வீட்லயும் இதே பேச்சுத்தான். சோறு திங்கும்போது ஆரம்பிச்சேன்னா வெஞ்சனம் தீர்ற வரைக்கும் அந்த மனுசனத்தான் வையிவேன். எங்கம்மா வியாகுலம்மாள், வாயில சிரிப்ப அடக்கிக்கிட்டு, ஏன்டி, அந்தத் தம்பி எந்தச் சர்ச்சுப் பங்குன்னு கேட்டாக. எந்தப் பங்கா இருந்தா ஒனக்கென்னம்மான்னு எந்திரிச்சுப் போயிட்டேன். மறுநாளு கேட்டு வந்து சொல்லத்தான் செஞ்சேன். அது வேற விசயம்.

மார்ஜின் சண்டையக்கூட பொறுத்துக்கிடலாங்க. இந்த ரெண்டு சங்கதிதான் எனக்குப் புரியவே இல்ல. ஒண்ணு, இந்த மார்ஜின் கொக்கி. பாருங்க, லூசா இருக்கும், அடிக்க அடிக்க நகந்துக்கிட்டே போகும். நான் என்ன பண்ணுவேன், தலையில வச்ச மல்லியப்பூச் சரத்துல இருந்து வாழ நாரு ஒரு துண்டு பிச்சு, கொக்கியச் சேத்து இறுக்கிக் கட்டிருவேன். அசையாது. நெலக்கோட்டைப் பூவுக்குக் கட்டுற நாரு, லேசுல அறுமா? ஆனா மறுநாக் காலைல பாத்தா நாரு இருக்காது. நானும் தெனம் கட்டுவேன், தெனம் காணாமப் போகும்.

இன்னொண்ணு, இந்த இங்கிலீஷ் ஏ எழுத்துக் கீ. அது மேல தெனம் ஒரு சின்னத் தோல் துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். தோல் மண்டியில தோல் துண்டு எங்கதான் கெடக்காது? சோத்துச் சட்டியிலகூடக் கெடக்கும். பறந்து வந்து பசையில ஒட்டிக்கிச்சு போலன்னு நெனச்சு, பிளேடு எடுத்து நல்லாச் சொரண்டித் தொடச்சுருவேன். சுத்தம்னா எனக்கு அப்படி. மறுநாளு திரும்பவும் ஒட்டியிருக்கும். என்னடா இது, காத்து வேற எழுத்தே கெடைக்காம ஏ மேலயே கொண்டுவந்து போடுதேன்னு ஒரு நாளாச்சும் எனக்குத் தோணுச்சான்னு கேளுங்க. தோணல. அம்புட்டு அறிவு.

இருங்க, அந்தப் பிளேட எதுக்கு எடுக்குறீக? ஏ மேல இருக்க பசைய வழிச்சு எடுக்கவா? அது இருக்கட்டும். கீழ வைங்க. கத முடியல.

அப்புறம் ஒரு நாளு மொதலாளி கையில லெட்டரோட வந்து நிக்கிறாக. ஏம்மா, பகல்ல அடிச்ச லெட்டரு பளிச்சுனு இருக்கு, ராத்திரி அடிச்சதுல ஏ எழுத்து மட்டும் தேஞ்சு போயி இருக்கு, மெட்ராஸ்லருந்து எழுதிக் கேக்குறாக, பொழுது சாஞ்சா இந்த மெஷினுக்குக் காச்சலு கண்டுருதான்னாக. எனக்குச் சிரிப்பு. மெஷினுக்கு இல்ல மொதலாளி, அடிக்கிறவருக்குத்தான் காச்சலு, சோறு தின்னுட்டு வந்து அடிக்கச் சொல்லுங்கன்னுட்டேன்.

வாசல்ல வாச்மேன் கருப்பணன் தாத்தா நின்னுக்கிட்டு இருந்தாரு. மொதலாளி போனதும் உள்ள வந்து, தாயி, அப்படிச் சொல்லாதன்னாரு. அந்தத் தம்பிக்கு இடது கையில சுண்டு வெரலு இல்ல தாயி, மின்ன தோலு சீவுற மெஷின்ல நின்னுச்சு, அதுல போயிருச்சு, மொதலாளிதான் வைத்தியம் பாத்து, டைப்புப் படிக்க அனுப்புனாரு. ஏ எழுத்து சுண்டு வெரலு எழுத்தாம்ல? மோதிர வெரலால தட்டுனா எட்டலன்னு, எழுத்தக் கொஞ்சம் ஒசத்திக்கிட்டாத் தோதா இருக்கும்னு, தோலுல வெட்டி வஜ்ஜிரப் பசை வச்சு ஒட்டும். காலைல ஒனக்குப் பிடிக்கலயாமே, சொரண்டிப் போட்டுர்றயாமே. அந்தப் பொண்ணுக்கு எடைஞ்சலா இருக்கும் போல தாத்தான்னு சொல்லும், ஒட்டாம அடிச்சுப் பாக்கும், முடியாது, திரும்ப ஒட்டும். இப்படித்தான் ஓடுதுன்னாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கிறீக. அந்த எடத்துலயே அழுகை வந்துருச்சு. ஒரு மனுசன் வெரலுக்குப் பதிலு வெரலுன்னு ஒட்டி வச்சிட்டுப் போறாரு, நான் குப்பைன்னு கூட்டித் தள்ளியிருக்கேன்.

அப்புறம் நாரு எங்க தாத்தா போகுதுன்னு கேட்டேன். அந்தா பாரு தாயின்னு ஜன்னலக் காட்டுனாரு. ஒங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கு பாருங்க, ஜன்னக் கம்பி, மேல இருந்து கீழ வரைக்கும் காஞ்ச நாரா முடிஞ்சு கெடக்குல்ல? நான் குருவி கூடு கட்டுதுன்னுல நெனச்சுக்கிட்டு இருந்தேன்! இவருக்கு என்ன நெனப்புன்னா, பாவம், அந்தப் பொண்ணு தலப்பூவுலருந்து நாரு உருவி மெஷின்ல சுத்திக்கிச்சு, பொம்பளப் பிள்ள தலையில இருந்தது, கீழ போட்டு மிதிக்கக் கூடாதுன்னு எடுத்து எடுத்துக் கம்பில கட்டியிருக்காரு. மார்ஜினுக்குக் கட்டுன நாருன்னு தெரியவே இல்ல அவருக்கு. நான் அவரு தோலக் குப்பைன்னேன், அவரு என் நாரப் பூவுன்னாரு. திரும்பிப் பாருங்கன்னா மூஞ்சியக் கீழ போட்டுக்கிறீக. வெக்கப்பட வேண்டியவ நானுல்ல.

அன்னையிலருந்து தோலத் தொடுறதில்ல. ஏ எழுத்துக்கு ஒரு தோல் தொப்பி, இருந்துட்டுப் போகட்டும்னு நானும் தொப்பி மேலயே அடிச்சுப் பழகிட்டேன். மொதல்ல வெரலு தடுக்குச்சு. அப்புறம் அது இல்லன்னாத்தான் வெறுங்கால்ல நடக்குற மாதிரி இருந்துச்சு. சரி, தோலுக்கு எறங்கியாச்சு, மார்ஜினுக்கும் எறங்குவோம், பாவம்னு, நான் பதினஞ்சுல வச்சு அடிக்க ஆரம்பிச்சேன். டேபுலேட்டர், கீ அமுக்கம் எல்லாம் அவரு தோதுதான். கருப்பணன் தாத்தா வாயி சும்மா இருக்குமா? நாரு சங்கதிய அங்கிட்டும் போயி ஒப்பிச்சுட்டாரு. இவரும் பாவம் அந்தப் பொண்ணுன்னு பத்துல வச்சு அடிக்க ஆரம்பிச்சிருக்காரு! ஒரு வாரம் கழிச்சு மொதலாளி ரெண்டு லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிட்டு முழிக்கிறாக. யா அல்லா, பகல் லெட்டரு ராத்திரி லெட்டராட்டம் இருக்கு, ராத்திரி லெட்டரு பகல் லெட்டராட்டம் இருக்கு, நீங்க ரெண்டு பேரும் வேலைய மாத்திக்கிட்டீகளா, இல்ல எனக்குத்தான் கண்ணு போச்சான்னு. நான் சேலைத் தலப்ப வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சேன் பாருங்க, வகுறு வலிச்சுப் போச்சு.

அதுக்குப் பெறகு ஒரு வழிக்கு வந்தோம். நான் மூணு மணிக்குக் கெளம்பும்போது அவரு தோதுக்கு வச்சுட்டுப் போவேன். அவரு ராத்திரி கெளம்பும்போது என் தோதுக்கு வச்சுட்டுப் போவாரு. பேசிக்கிட்டதா? எங்க பேசுனோம். அதுவா அப்படி அமைஞ்சுச்சு. காலைல வந்து மூடியத் தூக்குனா மார்ஜின் பத்துல நிக்கும். நாரு கட்டியிருக்கும். டேபுலேட்டரத் தட்டுனா ஓடிப்போயி தேதி எடத்துல டக்குனு நிக்கும். அடடா, நம்மள நெனச்சுக்கிட்டே ஒருத்தரு வெளக்க அமத்திட்டுப் போயிருக்காருன்னு இருக்கும். இதுக்கு மேல ஒரு மனுசிக்கு என்னங்க வேணும்? எனக்கு அந்த ஒரு தட்டுக்காகவே காலைல சீக்கிரம் வரணும்னு இருக்கும். எங்கம்மா கேக்குறாக, கோழி கூவ எந்திரிச்சு யாருக்குடி இம்புட்டுச் சடைப்பின்னலுன்னு.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. நான் டைப் ஹையர் பரீட்சையில பெயிலாகுற வரைக்கும்.

கருப்பணன் தாத்தா மறுபடியும் அங்கிட்டுப் போயி வாய வச்சிருக்கணும். பகல் டைப்பிஸ்ட் பெயிலாம், தோல் தொப்பி மேல அடிச்சு அடிச்சு, பரீட்சை மெஷின்ல வெறும் எழுத்து மேல அடிக்க வரலயாம்னு. தாத்தாவுக்கு எதுவும் சொன்னா ரெண்டு கண்ணு மூக்கு வச்சுத்தான் சொல்ல வரும். தோலாலயும் இல்ல பாலாலயும் இல்லங்க நான் பெயிலானது. பக்கத்துல ஒரு பொண்ணு எரியோட்டுலருந்து வந்திருந்தா, பொரி பொரியுற மாதிரி அடிக்கிறா. அவளுக்குப் போட்டியா நானும் ஓடப் போயி, தாளு கோணிக்கிட்டு வந்ததப் பாக்கவே இல்ல. கடைசி வரி தாளுல இல்ல, உருளையில விழுந்து கெடக்கு. என் வீம்பால நான் பெயிலானேன். அடுத்த தடவ எழுதுனாப் போச்சு. அதுக்கு இன்னொருத்தரு எதுக்கு வேலைய விடணும்?

ஆமா, வேலைய விடுறேன்னு சொல்லிட்டாராம். சனிக்கெழமையோட நின்னுக்கிறேன்னு மொதலாளிகிட்டப் போயி நின்னாராம். இன்னைக்குக் காலைல வந்து மூடியத் தூக்குனேன், ஏ எழுத்து மேல தொப்பி இல்ல. நாரு மட்டும் புதுசா, பூக்கட்டுறவுக போடுற முடிச்சா, சுருக்கா கட்டியிருந்துச்சு. நாலு வெரல வச்சு அந்த முடிச்சப் போட எம்புட்டுச் செரமப்பட்டிருப்பாரு. எனக்குக் கோவம்னா கோவம் அப்படியொரு கோவம். மார்ஜின் சண்டை போட்டப்பக்கூட அம்புட்டுக் கோவம் வரல.

என்ன, கெளம்புறீகளா? எண்ணெயே போடல, அதுக்குள்ள வேலை முடிஞ்சுதா? உக்காருங்க. எண்ணெக் குப்பி எங்க இருக்குன்னு நான் சொல்லாமலே ரெண்டாவது டிராயரத் தெறந்து எடுத்தீகல்ல, எடுத்ததுக்கு ரெண்டு சொட்டாச்சும் விட்டுட்டுப் போங்க.

மண்டிக் கருப்பு நாயி புது ஆளக் கண்டா கொரவளையப் பிடிக்கும். ஒங்களப் பாத்து வால ஆட்டுச்சு. படியேறும்போது கருப்பணன் தாத்தா மீசைக்குள்ள சிரிச்சத நான் இந்த ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெள்ளிக்கெழம மத்தியானம் மொதலாளி தொழுகைக்குப் போயிருவாக, சகாயராணி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருவா, போயி பசைய வழிச்சுச் சுத்தமாக்கி வச்சுட்டு சத்தமில்லாம வந்துருவோம்னுதான வந்தீக? நான் இருக்கவும் பாவம், மெக்கானிக்கான்னு கேட்டதுக்கு மண்டைய ஆட்டிட்டீக.

மதுரை மெக்கானிக்கு காலைலயே வந்துட்டுப் போயாச்சுங்க. வயசான மனுசன். எண்ணெ போட்டாரு, டீ குடிச்சாரு, பஸ் ஏறிட்டாரு. அவரை அண்ணே அண்ணேன்னு வாய் நிறையக் கூப்ட்டு, இதுல ஒண்ணையும் மாத்தாதீகண்ணேன்னு கெஞ்சித்தான் அனுப்பி வச்சேன். ஒங்ககிட்ட இம்புட்டு நேரமாப் பேசிக்கிட்டு இருக்கேனே, தப்பித் தவறி ஒரு தடவையாச்சும் அண்ணேன்னு கூப்ட்டேனா? அதக்கூடக் கவனிக்கல நீங்க.

மொதலாளி வந்ததும் நீங்களே போயி, சனிக்கெழம நிக்கலன்னு சொல்லிருங்க. இப்ப அந்தத் துணிய அவுத்து மேசையில போடுங்க. போடுங்கன்னா. காலைலயே கீழ பட்டறையில போயி நல்ல ஆட்டுத்தோலா ஒரு துண்டு வாங்கி வெட்டி வச்சிருக்கேன். பழசு ரொம்பத் தடிசு, எனக்கு வெரலு தடுக்குது. இது ரெண்டு பேருக்கும் தோதா இருக்கும். மோதிர வெரலு அளவு பாக்கணும். அந்தக் கையக் குடுங்க.